கொஸ்கஹ சந்தியில் இறங்கிய பெண்

வெரலுகந்தத் தோட்டத்தில் சுப்பம்மாவின் பொறுப்பில் இருநூற்றெண்பது ரப்பர் மரங்கள் இருந்தன. எது மழைக்கு மறுநாள் பால் விடாமல் அடம்பிடிக்கும், எதன் பட்டையில் கத்தி கல்லில் பட்டதுபோல் நின்றுவிடும், எது முதுகில் ஒரு கட்டியோடு தண்ணீர் ஓடும் கான் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் லீவு எடுத்த நாளில் வேறு யாராவது அந்த மரங்களில் பால் வெட்டியிருந்தால், மறுநாள் பட்டையில் விழுந்த கோட்டின் சரிவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "இது மல்லிகா கை. எப்பவும் கடைசியில கொஞ்சம் ஆழமா இழுத்துருவா" என்பாள்.

"எம் பொஞ்சாதி மரத்துக்கு இருநூத்தெம்பது அடையாளம் வச்சிருக்கா. மனுசனுக்கு ரெண்டே ரெண்டுதான். ஒன்னு வெள்ள, ஒன்னு கறுப்பு. நான் ரெண்டாவதுல சேத்தி" என்று அவள் புருஷன் செல்லையா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரிப்பார்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த அளவுகோலைச் சுப்பம்மா தானாகச் செய்துகொள்ளவில்லை. பிறந்த நாளிலிருந்து அவளை அதை வைத்துத்தான் அளந்தார்கள். கறுத்த தாய்க்கும் கறுத்த தகப்பனுக்கும் நடுவில் தேங்காய்ப்பூ நிறத்தில் பிறந்து தொலைத்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவளுக்கு 'வெள்ளச்சி' என்று பேர். சண்டை வந்தால் "தொரை பங்களாவுல கேட்டுப் பாரு, உங்கப்பன் யாருன்னு" என்பார்கள். அவள் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் தமிழர்களுக்கு எதிரான கலவரங்கள் வந்தபோதுதான் அந்த நிறம் முதல்முறையாக உதவியது. கடைக்குப் போகவேண்டியிருந்தால், தாய் தோட்டத்து வாசலில் நின்று முந்தானையில் எச்சில் தொட்டு அவள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, "நீ போ. உன்னைய யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்று அனுப்புவாள். உண்மையிலேயே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சுப்பம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கலவரம் ஓய்ந்து எத்தனையோ காலம். ஆனாலும் டவுனுக்குப் போகும் நாளில், அதே வாசலுக்கு வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போகும். ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஃபோனின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். திரும்பி வரும்போது அதையே எடுத்து நெற்றியில் வைப்பாள். கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து பால் வெட்டிய பழக்கத்தில் சிங்களம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி வரும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்கள் "நோனா, இருங்க" என்பார்கள். அம்மணி என்று பொருள்படும் அந்த 'நோனா' அவள் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அதை அவள் செல்லையாவிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று வியாழக்கிழமை. இரத்தினபுரியில் கண்ணைக் காட்டிவிட்டு, அவிசாவளைக்கு வந்து, தெரணியகலை பஸ்ஸில் எப்படியோ ஒரு ஜன்னல் சீட்டைப் பிடித்திருந்தாள். பூப்போட்ட பாவாடை, சட்டை, மடியில் குடை. பஸ் புறப்படும் நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் துணிப்பை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

சுப்பம்மா ஒரே பார்வையில் அளந்து முடித்தாள். கறுப்பு. ஒல்லி. நீளப் பாவாடை. நெற்றியில் பொட்டில்லை, மூக்குத்தியில்லை. மணிக்கட்டில் பௌத்த பிக்குகள் ஓதிக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல். சிங்களப் பெண்.

"துவ, பிள்ளையை என்னிடம் கொடு" என்றாள். 'துவ' என்றால் மகள். வயதில் மூத்த சிங்களப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெண் ஒரு நன்றிச் சிரிப்போடு பிள்ளையை மடியில் வைத்தாள். பையைச் சுப்பம்மாவே வாங்கித் தன் காலடியில், சீட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நடந்த பேச்சு அத்தனையும் சிங்களம்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"தனு."

"கால் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது?"

பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்ததாம். வாரா வாரம் பிளாஸ்டர், மொத்தம் ஏழு. இன்றைக்குத்தான் கழற்றினார்களாம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்கள் ஆட்கள் யாரும் இந்தக் காலைத் தொட்டதில்லை, அக்கே. கொஞ்சுகிறவர்கள்கூட முகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்."

சுப்பம்மா அந்தச் சின்னப் பாதத்தைக் கையில் எடுத்தாள். தோலுரிந்து, முதல் நாள் முளைத்த காளான் மாதிரி மெத்தென்றிருந்தது. குனிந்து உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு இரண்டு கையாலும் முகத்தை வழித்து நெட்டி முறிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சிங்களத் தாய் என்ன நினைப்பாளோ என்று கையை அடக்கிக்கொண்டாள்.

கொஸ்கஹ சந்தியில், அந்தப் பெரிய பலா மரத்தடியில், பஸ் நின்றும் நிற்காமலும் நின்றது. அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினாள். கொண்டக்டர் பிள்ளையை வாங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். அவ்வளவுதான், பஸ் போய்விட்டது. தன் இடம் வந்து இறங்கக் காலை நீட்டியபோதுதான் சுப்பம்மாவின் காலில் பை தட்டுப்பட்டது.

"நீங்களே வைத்திருங்கள், நோனா. என்னிடம் இருந்தால் காணாமல் போய்விடும்" என்றான் கொண்டக்டர்.

பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாமான். இரண்டு குட்டிச் சப்பாத்துகள், நடுவில் ஓர் இரும்புப் பட்டையால் இணைத்திருந்தார்கள். பேரில்லை, துண்டில்லை, ஒன்றுமில்லை.

தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக இங்கே இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுப்பம்மா, இது விளையாட்டுச் சாமான் இல்லை. பிளாஸ்டர் கழட்டின கையோட இதைப் போட வேணும். குளிக்க வார்க்கிற நேரம் தவிர, இரவு பகலாக் கழட்டப்படாது. போடாமல் விட்டால் கால் திரும்பவும் மடங்கத் தொடங்கிவிடும். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். ஆர் பிள்ளை இது?"

"சிங்களப் புள்ளைங்க ஐயா. கொஸ்கஹ சந்தியில எறங்குச்சு."

நாகலிங்கம் அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து பார்த்தார். அந்தக் கிளினிக் வியாழன் மட்டும்தான், அறை பூட்டியாயிற்று, அடுத்த வியாழன் கொண்டு வரச் சொன்னார்கள். நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, அதன் பின்னால் சனி, ஞாயிறு.

"சிங்களப் பிள்ளை எண்டால் கிராமத்து மிட்வைஃபுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை அவவைப் போய்ப் பாருங்கோ" என்றார்.

சனிக்கிழமை வரை பொறுக்கச் சுப்பம்மாவுக்கு மனம் வரவில்லை. பை தன் காலடியில்தானே இருந்தது. இறங்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள்தானே. போயா அன்று மத்தியானம் வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பையோடு கொஸ்கஹ சந்தியிலிருந்த பௌத்தக் கோயிலான பன்சலைக்குப் போனாள். ஊரே அங்கே இருந்தது. எல்லோரும் வெள்ளை உடுப்பில். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணாக நெருங்கி முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். சந்திக் கடைக்காரப் பெண் பூத்தட்டோடு நின்றிருந்தாள். அவளிடம் கேட்டாள்.

"எப்படி இருப்பாள்?"

"கறுப்பு. ஒல்லி. இளம் பெண்."

கடைக்காரி சிரித்துவிட்டாள். "அக்கே, திரும்பிப் பாருங்கள். பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். அந்தப் பெண் தோட்டத்துப் பக்கமாக இருக்குமோ? எங்கள் கடைக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதை மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்குத்தான் போகிறது."

"இல்லவே இல்லை" என்றாள் சுப்பம்மா. "என்னோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு வந்தாள். தோட்டத்து ஆட்களுக்கு இப்படிச் சிங்களம் வராது."

"அது உண்மைதான், அவர்களுக்கு வராது" என்று கடைக்காரி தலையாட்டினாள்.

திரும்பி நடக்கும்போது அந்தப் பேச்சு சுப்பம்மாவின் கூடவே வந்தது. யாருக்கு வராது? யார் யாரிடம் சொன்னது? ஆனால் பிள்ளையின் கால் ஞாபகம் வந்து அந்த யோசனையை ஒதுக்கித் தள்ளியது.

சனிக்கிழமை, பால் வெட்டி முடித்த உடம்போடு, கிராமத்து மிட்வைஃபின் வீட்டுக்குப் போனாள். மிஸ்ஸி நல்ல மாதிரி. லீவென்றும் பாராமல் பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தாள் தாளாகப் புரட்டினாள். தன்னிடம் முப்பத்தொரு கைக்குழந்தைகள் இருப்பதாகவும், ஒன்றுக்கும் பாதம் வளைந்திருக்கவில்லை என்றும் சொன்னாள். "பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் என் புத்தகத்தில் வராது. அதற்கு வேறு ஆள். வேண்டுமென்றால்..."

"வேண்டாம் மிஸ்ஸி. இது சிங்களப் பிள்ளை."

அன்று பின்னேரம் மழை. நனைந்துகொண்டே வந்து பையை அடுப்பு மேல் தட்டில் வைத்தாள், ஈரம் ஏறாமலிருக்க. வெள்ளி, சனி என்று இரண்டு நாள் போயிற்று. அன்றிரவு செல்லையா கேட்டார்: "அந்தப் பொண்ணு எப்படித்தாண்டி இருந்துச்சு? மூக்கு எப்படி, காது எப்படி, ஏதாச்சும் மச்சம் கிச்சம்?"

சுப்பம்மா கண்ணை மூடி யோசித்தாள். பிரித் நூல் தெரிந்தது, பாவாடை தெரிந்தது, நிறம் தெரிந்தது. முகம் வரவில்லை. ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துப் பேசிய முகம்.

"மரமா இருந்தா சொல்லியிருப்ப" என்றார் செல்லையா. அவரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி வியாபாரி ஜாபிர் மோட்டார் சைக்கிளில் மூட்டையோடு லயத்துக்கு வந்தான். தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவன். துணியோடு கதையும் கொண்டு வருவான். மல்லிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். சுப்பம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பக்கத்துல எங்கயாச்சும் ஒரு சிங்கள நோனா இருக்காவா?" என்றான் ஜாபிர், சட்டைத் துணியை விரித்துக்கொண்டே. "நல்ல வெள்ளையாம். ஒசரமாம். டீச்சர் மாதிரி இருப்பாவாம். மலைக்கு அங்கால தோட்டத்துல ஒரு புள்ள மூணு நாளா அழுதுக்கிட்டுத் தேடுது."

"வெள்ளையா, டீச்சர் மாதிரியா? எனக்குக் கல்யாண வயசுல ஒரு மகன் இருந்தா நானே தேடுவேனே" என்றாள் மல்லிகா.

"சும்மா இரு புள்ள. பாவம், அந்த நோனாவத் தேடி எங்கெங்கயோ போயிருக்கு. லீவுன்னு தெரிஞ்சும் ஸ்கூல் வாசல்லகூட நின்னு பாத்திருக்கு."

"பன்சலைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவா இருக்கும்" என்றாள் சுப்பம்மா, உதவி செய்யும் குரலில். "அவங்கதான் நல்ல வெள்ள. ஆனா அவ்வளவு ஒசரமில்லையே. இந்தப் பக்கம் அப்படி வேற நோனா யாரும் இல்ல தம்பி."

"அதான் எனக்கும் வெளங்கல. ஒரு அடையாளம் சொல்லிச்சு. பஸ்ஸுல அந்த நோனா இதோட புள்ளைய வாங்கி, வளைஞ்ச காலு இருக்கே, அந்த உள்ளங்காலத் தூக்கிக் கன்னத்துல வச்சிக்கிட்டாவாம். 'எம் புள்ள காலை அப்படித் தொட்டது அவுங்க ஒருத்தர்தான்'னு சொல்லிச் சொல்லி அழுவுது."

சுப்பம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. மல்லிகாதான் முதலில் திரும்பி, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடியாத்தி" என்றாள். "நோனா இங்கதான் நிக்குது."

சுப்பம்மா ஓடிப்போய் அடுப்பு மேலிருந்த பையை எடுத்தாள். ஜாபிர் பைக்கில் ஏறச் சொன்னான். ரோட்டுப் பக்கம் சுற்றிப் போனால் நேரமாகும் என்று மலைக் குறுக்குப் பாதையில் நடையும் ஓட்டமுமாகப் போனாள். பால் கறை ஏறிய பழைய சட்டை, தலையில் சுற்றிய துண்டு, நெற்றியில் பொட்டு. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பக்க லயத்துக்கு இறங்கிவிட்டாள்.

ஜாபிர் அடையாளம் சொன்ன மூன்றாவது காம்பரா வீட்டு வாசலில் அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, அதன் கீழே சிவப்புப் பொட்டு. முகத்தைப் பார்த்ததும் சுப்பம்மாவுக்கு எல்லாம் திரும்பி வந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. பேசத் தொடங்குமுன் கீழுதட்டைக் கடிக்கும் பழக்கம். எல்லாவற்றையும் பஸ்ஸில் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்து, "யாருங்க, யாரைத் தேடி வந்தீங்க?" என்றாள்.

சுப்பம்மா பையைக் கீழே வைத்தாள். குனிந்து பிள்ளையின் பாதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"அக்கே..." என்று சிங்களத்தில் தொடங்கிய அந்தப் பெண், பாதியில் நின்று, கீழுதட்டைக் கடித்து, "அக்கா" என்று அழத் தொடங்கினாள்.

அவள் பேர் சுதர்ஷினி. அரநாயக்கப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொண்டு வந்தவள். அங்கே மண்சரிவுக்குப் பிறகு, தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரமென்று சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாளாம். பிரித் நூல், பன்சலை பிக்குவான ஹாமுதுரு பிள்ளைக்காகக் கட்டிவிட்டது. பிள்ளையின் முழுப்பேர் தனுஷன். கால் தோலுரிந்திருந்ததால், சப்பாத்தை வீட்டில் குளிக்க வார்த்துவிட்டுப் போடச் சொல்லியிருந்தார்களாம்.

"டவுனுக்குப் போறப்ப நெத்தியில தமிழ்னு எதுக்கு எழுதி ஒட்டிக்கிட்டுப் போகணும்னு எங்க மாமி சொல்லுவாங்க, அதான் பொட்டு வைக்கல. கோயில் துன்னூறு ஜாக்கெட்டுக்குள்ளயே இருந்துச்சு அக்கா. புள்ளைக்குப் பூசலாம்னு எடுத்தேன். சிங்கள நோனா மடியில இருக்கானே, என்ன நெனப்பாங்களோன்னு திரும்ப வச்சிட்டேன்."

"நான் நெட்டி முறிக்க வந்த கையை மடக்கிக்கிட்டேன்" என்றாள் சுப்பம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்தார்கள். பிறகு சப்பாத்தை எடுத்தார்கள். இடது கால் போயிற்று. வலது குதிகால் அடியில் உட்கார மறுத்தது. லேசாக அழுத்தியதும் பிள்ளை வீரிட்டது. சுப்பம்மா நாகலிங்கத்துக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பலவந்தம் பண்ண வேண்டாம், வியாழக்கிழமை டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ" என்றார் அவர். ஃபோனை வைக்குமுன் சொன்னார்: "பக்கத்துத் தோட்டத்து மிட்வைஃபின்ரை நம்பர் எனக்கு முன்னாலை மேசையிலதான் கிடந்தது, சுப்பம்மா. சிங்களப் பிள்ளை எண்டு நீங்கள் சொல்ல, நானும் ஒரு கேள்வி கேக்கேல்லை."

வியாழக்கிழமை சுதர்ஷினி பிள்ளையோடு மலைக் குறுக்குப் பாதையில் வந்து சேர, சுப்பம்மாவும் கூடப் போனாள். தோட்டத்து வாசலுக்கு வந்ததும் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போயிற்று. சுதர்ஷினி பார்த்துவிட்டாள். "கழட்டிறாதீங்கக்கா. அப்புறம் யாரோ ஒரு நோனான்னு நான் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்றாள். சுப்பம்மா கையை இறக்கிக்கொண்டாள். அன்று முழுக்க நெற்றியில் யாரோ விரல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. பஸ்ஸில் யாரும் நோனா என்று கூப்பிடவில்லை. இடம் கொடுத்த ஒரு பெரியவர் "அக்கே" என்றார்.

வலது காலை டொக்டர் நெடுநேரம் பார்த்தார். குதிகால் கொஞ்சம் இறுகியிருக்கிறது, இன்னொரு பிளாஸ்டர், இரண்டு வாரம் என்றார். சுதர்ஷினி பிள்ளையின் காலைத் துணியால் மூடினாள். தான் தேடி அலைந்த நாட்களைச் சுப்பம்மா விரல்விட்டு எண்ணினாள். அந்த இரண்டு வாரமும், ஒவ்வொரு ஞாயிறும், மலை தாண்டிப் போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அது முடிந்த வியாழன், கிளினிக் வாசலில் நிற்க இடமில்லை. சுதர்ஷினி கார்டு பதியப் போயிருந்தாள். தனுஷன் சுப்பம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து அவன் பேரைக் கூப்பிட்டு, "அம்மா எங்கே? எப்படி இருப்பார்? நான் போய்க் கூட்டி வருகிறேன்" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"கறுப்..." என்று தொடங்கிய நாக்கைச் சுப்பம்மா பிடித்து நிறுத்தினாள். எட்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். "பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள், மிஸ். எந்தப் பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்ப்பாள்."

நர்ஸ் அந்தப் பக்கம் பார்த்தாள். அதே நேரம் ஒரு மூலையில் ஏதோ ஒரு பிள்ளை அழுதது. வரிசையில் நின்ற இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல அடையாளம் சொன்னீர்கள், அக்கே" என்று சிரித்தாள் நர்ஸ்.

"இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும், மிஸ்" என்றாள் சுப்பம்மா, அவசரமாக.

நர்ஸ் நேரே போய்ச் சுதர்ஷினியின் தோளைத் தொட்டாள்.

உள்ளே டொக்டர் பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு, வலது காலைச் சப்பாத்துக்குள் வைத்து, குதிகாலைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினார். உட்கார்ந்தது. வாரை இழுத்துக் கட்டினார். தனுஷன் கண் விழித்து, இரும்புப் பட்டையோடு சேர்த்து இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி, தடாலென்று மேசையில் அடித்தான். சுதர்ஷினி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னக் கடதாசி மடிப்பை எடுத்துப் பிரித்து, டொக்டருக்கு முன்னாலேயே பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினாள். சுப்பம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, பத்து விரலும் சொடுக்க, நெட்டி முறித்தாள்.